வேலிக்கு அந்தப் பக்கத்து வில்லி

என் தங்கைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கதாநாயகி எப்போதோ தயாராகிவிட்டாள். பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையானால் தொண்டைமானாற்று நீரேரிக்கு மேலே காற்றில் ஏறி நடப்பவள். தோளில் சால்வை, காலில் இறப்பர் செருப்பு. வடிவான பெண். ஆனால் காற்றில் நடக்கிறவளுக்கு எதிரே நின்று காற்றைக் கெடுக்க ஒருவன் வேண்டாமா? அவன் இல்லாவிட்டால் அவள் நடப்பது வெறும் உலாத்தல்.

தங்கை கரவெட்டியில் இருக்கிறாள். பகலில் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள், கறுப்பு மை. கணவருக்கு வவுனியாவில் உத்தியோகம். சனி ஞாயிறுதான் வருவார். சின்ன வயதிலிருந்து அவள் கீறிய சித்திரக்கதைகள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே பிறந்து, அலுமாரிக்குள்ளேயே நரைத்தவை. நாற்பதைத் தாண்டிய பிறகு இப்போதுதான் ஒன்றை அச்சடித்து வெளியே விடத் துணிந்திருந்தாள். சித்திரக்கதை வரைகிறவர்கள் சிலர் சேர்ந்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மண்டபம் எடுத்து, மேசை போட்டுப் புத்தகம் வைக்கப்போகிறார்கள். ஒரு மேசை அவளுக்கு. அந்த மேசையைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய குரல் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் குரலாகிவிடும். பிறகு உடனே இருமி, குரலைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பாள்.

வசனம் எழுத என்னைப் பிடித்தாள். நான் வசனகவிதைக்காரன். அச்சுவேலியில் வீடு, ஆனால் வீட்டில் இருப்பது குறைவு. கால் ஓரிடத்தில் நில்லாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறினால், இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலை உடைத்து உடைத்து எறியும். சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் ஒரு கூடாரம் அடிக்கும். அந்தப் பாலத்தில் நானும் ஒரு வீரன்தான். இறங்கினால் தலைக்கவசத்தோடு வியர்த்து நிற்கிற நடுத்தர வயது மனுசன். என்னுடைய வசனங்களுக்கும் அதே கதிதான். தாளில் பறக்கும், சித்திரத்தின் பேச்சுப் பலூனுக்குள் கொள்ளாது.

"அண்ணை, இது பலூன். கடல் இல்லை" என்பாள் தங்கை. "வில்லன் ஒரு வரி சொல்லட்டும். நீங்கள் சமுத்திரத்தைக் கொண்டுவந்து ஊத்திறியள்."

எங்களுடைய முதல் வில்லன் இருட்டுக் கோமான் என்று ஒருவன். இரும்பு முகமூடி, கடலுக்கு அடியில் குகை, கையில் நீல நெருப்பு. உலகத்தையே ஆள வேண்டும் என்பது அவனுடைய திட்டம். நான் அவனுக்காக உருகி உருகி எழுதினேன். தங்கை தாடையில் பென்சிலை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"உவனுக்கு ஏன் உலகம்?"

"வில்லன் எண்டால் உலகம் வேணும்தானே."

"எடுத்து என்ன செய்யப்போறான்? இந்த முற்றத்தைக் கூட்டவே எனக்கு இடுப்பு நோகுது. உலகத்தை ஆர் கூட்டிறது?"

அதோடு இருட்டுக் கோமான் செத்தான். நீல நெருப்பும் அணைந்தது.

அன்று முழுக்க அவளுடைய குசினியில் தேத்தண்ணி குடித்துக் குடித்து வில்லன்களைப் பற்றியே கதைத்தோம். யோசித்துப் பார்த்தால் கொமிக்ஸ் உலகத்தில் உழைப்பாளி வில்லன் ஒருவன்தான். வீரன் கூப்பிட்டால் வருவான். வில்லனை யார் கூப்பிடுகிறார்கள்? அவனாகவே எழும்புகிறான், வரைபடம் போடுகிறான், இயந்திரம் பூட்டுகிறான், ஆள் சேர்க்கிறான், தோற்கிறான், அடுத்த இதழில் முகம் கழுவிக்கொண்டு திரும்பவும் வந்து நிற்கிறான். வீரனிடம் கடமை இருக்கிறது. வில்லனிடம் ஆசை இருக்கிறது. ஆசைக்கு உடுப்புத் தைத்துப் போட்டால் அதுதான் வில்லன். எங்கள் கோயில்களில் சூரன் போர் நடக்கும்போது பாருங்கள்: முருகன் அசையாமல் அழகாக நிற்பார். வீதி முழுக்க ஓடுவதும், சிலிர்ப்பதும், தலை மாற்றி மாற்றி வருவதும் சூரன்தான். சூரனைத் தூக்கத்தான் இளந்தாரிகள் தோளைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு வருவார்கள். வென்றவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாங்கள் கதைப்பது என்னவோ தோற்றவருடைய ஆட்டத்தைத்தான்.

"எல்லாம் சரி அண்ணை" என்றாள் தங்கை. "ஆனா ஒரு விசர் வேலையை மட்டும் நான் என்ரை புத்தகத்திலை விடமாட்டன். கடைசியிலை வீரனைக் கட்டிப் போட்டிட்டு, வில்லன் நிண்டு தன்ரை திட்டம் முழுக்கச் சொல்லுவான். இப்பிடிச் செய்தனான், அப்பிடிச் செய்யப்போறன் எண்டு. எந்த மொக்கன் தன்ரை களவைத் தானே வாயாலை கக்குவான்?"

"அது கொமிக்ஸ் மரபு."

"மரபு இல்லை, சோம்பல். எழுதிறவனுக்கு வேறை வழி தெரியேல்லை."

எழுதுகிறவன் நான்தான்.

சில கிழமைகள் கழிந்தன. ஒரு பின்னேரம் தொலைபேசியில் அவளுடைய குரல் குதித்தது. "கிடைச்சிட்டாள் அண்ணை! வில்லன் இல்லை, வில்லி. கெதியா வாங்கோ." பாலத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று அந்த நீரேரியைத்தான் கேட்க வேண்டும்.

மேசை முழுவதும் பக்கங்கள். மை காய்ந்துகொண்டிருந்தது. வில்லியின் பெயர் கதியால் அரசி.

எங்கள் பக்கத்து வேலிகள் உயிருள்ளவை. கிளுவையையோ பூவரசையோ தடியாக வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் அது வேர் பிடித்துத் தழைத்து வேலியாகிவிடும். அந்தத் தடிதான் கதியால். மாரி தொடங்கப் பழசைப் பிடுங்கிப் புதுசை நடுவார்கள். நடும்போது பக்கத்து வீட்டு வளவுக்குள் ஒரு விரற்கடை அகலம் அரக்கி நடுவது சிலருடைய கலை. ஒரு விரற்கடைதான். அடுத்த மாரிக்கு இன்னொன்று. இதற்காகக் கோடேறி வழக்காடிய குடும்பங்கள் இருக்கின்றன. கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருக்க மறுத்த சகோதரர்கள் இருக்கிறார்கள்.

தங்கையின் வில்லிக்கு உலகம் வேண்டாம். பக்கத்து வளவு மட்டும் போதும். அதற்குப் பிறகு, அந்த வளவுக்குப் பக்கத்து வளவு. அவள் குடையால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் கதியால்கள் வேரைச் சேலை போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். ஒழுங்கையை விழுங்கி, வயலை விழுங்கி, நீரேரிக்குள் முழங்கால் நனைய இறங்கி, ஆனையிறவு வரைக்கும் போகும் அந்த வேலி. குடாநாடு முழுவதும் ஒரே வளவு, ஒரே படலை, அதன் பூட்டுக்கு ஒரே திறப்பு, அவளுடைய இடுப்பில். பார்த்தவுடன் எனக்கு உடம்பு புல்லரித்தது. உலகத்தை ஆளத் துடிக்கிற ஆயிரம் முகமூடிக்காரர்களைவிட இவள் பயங்கரமானவள். இவளுக்கு வேண்டியது என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த பக்கத்தில் அவளுடைய முகம் பெரிதாக வந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன். தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

"என்ன?" என்றாள் தங்கை.

"ஏனடி, ரீச்சரையே கீறி வைச்சிருக்கிறாய்!"

தங்கை பக்கத்தைக் கையில் எடுத்தாள். யன்னலால் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். திரும்பவும் பக்கத்தைப் பார்த்தாள். இறுக்கிய வெள்ளைக் கொண்டை. சங்கிலி பூட்டிய கண்ணாடி. கதைக்க முதல் பிழை போடுவதுபோல ஒருமுறை அழுந்துகிற உதடு. கறுத்தக் குடை. "ஐயோ" என்று கதிரையில் இருந்துவிட்டாள். சத்தியமாக அவளுக்குத் தெரியாமலே வந்திருக்கிறது. குசினி யன்னலால் நாள்தோறும் பார்த்த முகம், கை வழியே இறங்கித் தாளுக்கு வந்துவிட்டது.

ரீச்சர் என்பவர் பக்கத்து வளவுக்காரர். இளைப்பாறிய கணித ஆசிரியை. தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் கோடும் கோணமுமாகக் கேத்திரகணிதம் படிப்பித்தவர். இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலி ஆண்டுக்காண்டு கொஞ்சம் நகர்வதாகத் தங்கைக்கு நெடுநாள் சந்தேகம். ஒழுங்கையில் மற்ற எல்லோரும் மதில் கட்டிவிட்டார்கள். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் இன்னும் கதியால் வேலி. காரணம், அத்திவாரத்தை எங்கே வெட்டுவது என்பதில் உடன்பாடு வரவில்லை.

ஆனால் தங்கை வேலைக்குப் போகும்போது வீட்டுத் திறப்பு ரீச்சரிடம்தான் இருக்கும். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியான பொட்டுக்குள்ளால் குனிந்து கஞ்சியோடு வருகிறவர் ரீச்சர்தான். அந்தப் பொட்டைத் தங்கையும் அடைக்கவில்லை, அவரும் அடைக்கவில்லை. வேலி நகரும்போது பொட்டும் கூடவே நகரும்.

"அச்சுக்குக் குடுக்கமாட்டன்" என்றாள் தங்கை. பக்கங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். அந்த அடுக்கு அலுமாரிக்குப் போகிற அடுக்கு என்பது எனக்கு விளங்கியது.

"திங்கட்கிழமை அச்சகத்திலை குடுக்கிறதெண்டு சொல்லிப் போட்டாய். மேசையிலை வெறுங்கையோடையே இருக்கப்போறாய்?"

"திறப்பை வைச்சிருக்கிற மனுசியை வில்லியாக்கி விக்கிறதோ அண்ணை?"

"முகத்தைக் கொஞ்சம் மாத்து. ஒரு மீசை வை."

ஒரு துண்டுத் தாளில் மீசை வைத்துப் பார்த்தாள். மீசை வைத்த ரீச்சர் வந்தார். கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி கழற்றிய ரீச்சர் இன்னும் கூர்மையாகப் பார்த்தார். கொண்டையை அவிழ்த்தபோது, குளித்துவிட்டு வந்த ரீச்சர். நாங்கள் இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். சிரித்து முடிந்ததும் அவளுடைய கண் கலங்கியிருந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்த கலக்கம் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "போய்க் காட்டப்போறன். அவ வேண்டாமெண்டால் வேண்டாம்."

"ஆரிட்டை?"

"வாங்கோ அண்ணை."

பக்கங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் அவள் முன்னே போக, வீட்டுவேலை செய்யாமல் வந்த மாணவன்போல நான் பின்னே போனேன். கிளுவை முள் என் சட்டையைப் பிடித்து, போகாதே போகாதே என்றது.

ரீச்சர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். தங்கை நின்றுகொண்டே சொன்னாள்: "ரீச்சர், நான் ஒரு கொமிக்ஸ் கீறினனான். அதிலை வாற வில்லி உங்களைப் போல வந்திட்டுது. வேணுமெண்டு செய்யேல்லை. நீங்கள் சொன்னால் விட்டிடுறன்."

ரீச்சர் கையை நீட்டினார். கண்ணாடியை ஏற்றினார். உதடு ஒருமுறை அழுந்தியது. முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கதியால்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பக்கத்தில் அவருடைய கண் நெடுநேரம் நின்றது. முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கோழியாக இருந்தால் நல்லது போலிருந்தது.

"என்னைப் போலயோ?" என்றார் ரீச்சர். "நானேதான்."

தங்கை பக்கங்களைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"ஆனா பிள்ளை, இவள் ஒரு மொக்கி."

"ஏன் ரீச்சர்?"

"பார், மூலைக் கல்லைப் பிடுங்கிறாள்! எந்த மொக்கி மூலைக் கல்லிலை கை வைப்பாள்? நில அளவைக்காரன் வந்தால் முதல் பாக்கிறது அதைத்தானே. நீ என்னட்டைப் படிச்சனீதானே?" குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். படியிறங்கி வேலிக்கரைக்குப் போனார். நாங்களும் போனோம். "ஒழுங்கைக் கரையிலை ஒரு கல்லு. கிணத்தடியிலை ஒரு கல்லு. இரண்டும் நிண்ட இடத்திலை நிக்கவேணும். இரண்டு புள்ளிக்கும் இடையிலை நேர்கோடு ஒண்டுதான். வளைகோடு எத்தினை?"

"எண்ணிக்கை இல்லை ரீச்சர்" என்றாள் தங்கை, பழக்கதோசத்தில்.

"அப்ப? நடுவிலைதான் விளையாட்டு." குடை நுனி காற்றில் ஒரு வயிற்றை வரைந்தது. "நடுவை மட்டும் மெல்ல ஊதவிடவேணும். மூலையிலை நிண்டு பாத்தால் தெரியாது, பூவரசு மறைக்கும். அதுக்குத்தான் மூலையிலை பூவரசு நடுறது. ஒரே மாரியிலை எல்லாத்தையும் அரக்கக்கூடாது. பழங்கதியாலுக்கு முட்டுக் குடுக்கிறமாதிரி அந்தப் பக்கம் ஒரு புதுசு. அது வேர் பிடிச்ச பிறகு பழசு தானாப் பட்டுப்போச்செண்டு பிடுங்கிறது. ஆர் கேள்வி கேக்கிறது? பட்ட கதியால்தானே!" ரீச்சருடைய முகம் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற முகம். "மண் ஈரமாயிருக்கேக்கை, பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, ஆளைப் பிடிச்சு..."

நிறுத்தினார். குடை காற்றிலேயே நின்றது.

தங்கை மெல்லக் கேட்டாள்: "பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகோ ரீச்சர்?"

"நான் பொதுவாச் சொன்னனான்."

தங்கை வேலியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூலையில் பூவரசு. நடுவில், இனிப்புச் சாப்பிட்ட பிள்ளையின் வயிறு மாதிரி அழகாக ஊதிய ஒரு வளைவு. தங்கைதான் முதலில் சிரித்தாள். ஆய்வுகூடத்தில் சிரிக்காத சிரிப்பு. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்த சிரிப்பு. ரீச்சர் உதட்டை அழுத்திப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் குடையில் ஊன்றிக்கொண்டு அவரும் குலுங்கினார். "எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருந்தனான், நீ கண்டுபிடிப்பியோ எண்டு. கேத்திரகணிதத்திலை கெட்டிக்காரி எண்டெல்லோ நினைச்சனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, வில்லன்கள் ஏன் நின்று எல்லாவற்றையும் சொல்லுகிறார்கள் என்று. மொக்குத்தனம் இல்லை. சோம்பலும் இல்லை. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு நுட்பத்தை வளர்த்து, வளர்த்து, அது நெஞ்சு கொள்ளாமல் நிறைந்து நிற்கும்போது அதைப் பார்த்து மெச்ச ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எதிராளியிடம்தான் இருக்கிறது. உலகத்தில் வேறு யாருக்கு ஒரு விரற்கடையின் அருமை தெரியும்?

ரீச்சர் சொன்னதை அப்படியே புத்தகத்தில் வைத்தோம். மூலைக் கல்லும் பூவரசும் முட்டுக் கதியாலும். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பலூனுக்குள் அளவாகப் பொருந்தியது. என் எழுத்துக்கு ஒருநாளும் வாய்க்காத பொருத்தம்.

ஆனால் அன்றைக்கு அதோடு அலுவல் முடியவில்லை. விறாந்தைக்குத் திரும்பி, ரீச்சர் கடைசிப் பக்கத்தை எடுத்துத் தங்கையின் முன் வைத்தார். அதில் கதியால் அரசி முழங்காலில் நின்று அழுது மன்னிப்புக் கேட்கிறாள்.

"போடு பிள்ளை, புத்தகத்தைப் போடு. என்ரை முகத்தோடையே போடு. கனடாவிலை இருக்கிற மகளுக்கும் ஒண்டு அனுப்பவேணும். ஆனா உந்தப் பக்கம் ஏலாது."

"வில்லி தோக்கத்தானே வேணும் ரீச்சர்."

"தோக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது? வேலி பழைய இடத்துக்குப் போகட்டும். ஆனா நான் அழமாட்டன். மன்னிப்பும் கேக்கமாட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரோ உதை எழுதினது?"

"ஓம் ரீச்சர்."

"அதுதான் கண்ணீர் கூடிப்போச்சு."

தங்கை ஒரு புதுத் தாளும் பென்சிலும் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். பொட்டுக்குள்ளால் அவள் பாய்ந்து வந்த வேகத்தில் ஒரு கதியால் ஆடியது. ரீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கொண்டையைத் தடவி, குடையை வலக்கையில் ஊன்றி முற்றத்தில் நின்றார். பின்னேர வெயில் அவருடைய நிழலை வேலியைத் தாண்டித் தங்கையின் வளவுக்குள் நீட்டியது. தங்கை நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து கீறத் தொடங்கினாள். கொஞ்சம் கீறுவாள், அழிப்பாள், தலையைச் சரிப்பாள்.

"நாடியை இறக்குங்கோ ரீச்சர்."

இறக்கினார். அது தானாக ஏறியது.

"தோளைக் கொஞ்சம் தளரவிடுங்கோ. தோத்துப்போன ஆள்போல நில்லுங்கோவன்."

ரீச்சர் உண்மையாகவே முயன்றார். தோளைத் தாழ்த்தி, குடையைச் சரித்து, நிலத்தைப் பார்த்து. பிறகு கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"எனக்கு உது வராது பிள்ளை" என்றார். "நிக்கிறமாதிரியே கீறு."

தங்கை அழிறப்பரைத் தூக்கி என்னிடம் எறிந்துவிட்டு, நிற்கிறமாதிரியே கீறினாள்.